எங்கிருந்து எதுவரை ஆழம்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணறு வெட்டுகிறவர், கமக்காரர், கடற்றொழிலாளர், மேசன், உயர்தர மாணவர் என்று எல்லோருக்கும் ஆழம் பற்றி ஏதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. ஆகவே முதற்கேள்வியை மட்டுமாவது தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

உயரத்தைத் தலைகீழாப் பிடிச்சா ஆழம் தானே? இதில என்ன பெரிய விளக்கம்?

அளவு ஒன்றுதான், தொடங்குமிடம் வேறு. உயரத்தைக் கீழே நின்று மேலே அளக்கிறோம். ஆழத்தை ஒரு மேற்பரப்பில் நின்று கீழே அளக்கிறோம். அந்த மேற்பரப்பு எது என்று சொல்லாமல் "இருபது அடி ஆழம்" என்று மட்டும் சொன்னால், அது பாதிக் கதைதான்.

நிலமட்டம், கிணற்றுக்கட்டின் விளிம்பு, இன்றைய நீர்மட்டம், துருசின் (குளத்து மதகின்) அடிமட்டம், படகின் அடிப்பக்கம் என்று தொடங்குமிடம் தொழிலுக்குத் தொழில் மாறும். ஆழத்தைப் பற்றி வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இருவர் இரண்டு இடங்களிலிருந்து அளந்ததால் வருபவை. இந்தப் பக்கத்தில் "தொடங்குமிடம்" என்று வரும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறோம்.

ஆழம், பள்ளம், தாழ்வு, மடு... எல்லாம் ஒண்டு தானே?

இல்லை. ஆழம் ஓர் அளவு. பள்ளம் ஓர் இடம்: சுற்றியுள்ள நிலத்தைவிடப் பதிந்து கிடப்பது. தாழ்வு இரண்டு இடங்களை ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு வயல் பக்கத்து வயலைவிடத் தாழ்வாக இருக்கலாம், அதற்காக அது ஆழமாகிவிடாது. குழி வெட்டப்பட்டது. மடு என்பது ஆற்றிலோ அருவியிலோ, ஓட்டம் நின்ற பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான இடம். இரணைமடு, கற்சிலைமடு, மடு என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பது அந்தச் சொல்தான்.

நீர்நிலைகளுக்கும் ஆழத்தை ஒட்டி வன்னியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மணலில் கையால் தோண்டி ஊறும் நீரை அள்ளும் ஆழங்குறைந்த குழி பூவல். ஆடுமாடு குடிக்க, கன்றுக்கு ஊற்ற வெட்டிய சிறு நீர்க்குழி துரவு. படி வைத்துக் கட்டியது கேணி. இவற்றையெல்லாம் "குட்டை" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது, விபரம் தெரியாத இடத்தில்தான் நடக்கும்.

"ஆளமான கிணறு" எண்டு எழுதினா பிழையோ? சொல்லேக்க அப்பிடித்தானே வருது.

பேச்சில் எங்களில் பலருக்கு ழகரம் ளகரமாகத்தான் வரும், அது வழக்கு. எழுத்தில் பிழை. 'ஆள்' என்றால் மனிதர், அல்லது ஆட்சி செய். 'ஆழ்' என்றால் அமிழ், உள்ளே இறங்கு. ஆழம், ஆழ்கடல், ஆழ்ந்த, ஆழ்வார் (பக்தியில் அமிழ்ந்தவர்) எல்லாம் இரண்டாவது குடும்பம். ஆழி என்பது கடலையும் குறிக்கும். சக்கரம், மோதிரம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ஆகவே ஆழியைக் கண்டவுடன் ஆழத்தைத் தேடிப் போகவேண்டாம்.

எங்கட கிணறு எத்தினை அடி எண்டு கேட்டா வீட்டில ஆளுக்கொரு கணக்குச் சொல்லுறாங்கள். எது சரி?

எல்லாம் சரியாக இருக்கலாம். கிணறு வெட்டியவர் நிலமட்டத்திலிருந்து சொல்வார், ஏனெனில் கூலி அந்தக் கணக்கில். கயிறு வாங்கியவர் கட்டின் மேல் விளிம்பிலிருந்து சொல்வார். இறைக்கிறவர் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதைச் சொல்வார். மூன்றடிக் கட்டும், நிலத்துக்குக் கீழே 25 அடியும், அதில் 9 அடி தண்ணீரும் என்றால் 28, 25, 9 மூன்றும் அதே கிணற்றின் ஆழம்தான்.

அளக்க: இழுபடாத கயிற்றில் ஒரு கிலோ அளவு இரும்புத் துண்டைக் கட்டி, சுவரில் தட்டாமல் நடுவில் இறக்குங்கள். எடை நிலத்தில் பட்டதும் கயிறு தளரும். அப்போது கட்டின் விளிம்பில் ஒரு முடிச்சுப் போட்டு வெளியே எடுங்கள். முடிச்சிலிருந்து எடைவரை மொத்த ஆழம். நனைந்த பகுதி நீராழம். நைலோன் கயிறு பாரத்துக்கு இழுபட்டுப் பிழை காட்டும், கல் சேற்றில் புதைந்தாலும் பிழை வரும். புதைவது போலத் தெரிந்தால் தட்டையான எடையைக் கட்டுங்கள். ஆவணியிலும் மார்கழியிலும் ஒரு தடவை அளந்து சுவரில் எழுதிவைத்தால் அடுத்த கோடையில் யாருடனும் வாதாடத் தேவையில்லை.

அந்த நீராழத்தை வைச்சு எத்தினை லீற்றர் தண்ணி எண்டு கண்டுபிடிக்கலாமோ?

வட்டக் கிணறென்றால் சுலபம். உள்விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீராழத்தால் பெருக்கி, கடைசியில் 22.2 ஆல் பெருக்குங்கள். 15 அடி விட்டக் கிணற்றில் ஓரடி நீருக்கு ஏறக்குறைய 5,000 லீற்றர். 9 அடிக்கு 45,000. பத்தடி விட்டக் கிணற்றில் ஓரடிக்கு 2,220 லீற்றர்தான். விட்டம் பாதி கூடினால் தண்ணீர் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இது நிற்கும் தண்ணீர். தோட்டத்துக்கு முக்கியம் ஊறும் தண்ணீர். வற்ற இறைத்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள். ஊற்றுக் குறைந்த கிணற்றை மேலும் ஆழமாக்கினால் கொள்ளளவு கூடும், ஊற்றும் கூடும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

மோட்டர் நல்லா ஓடுது, கோடையில மட்டும் தண்ணி வரேல்லை. மோட்டர் பழுதோ?

அநேகமாக மோட்டரில் பழுதில்லை. மேலே இருந்து உறிஞ்சும் பம்ப் தண்ணீரை "இழுப்பதில்லை". அது குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வன்னி போன்ற தாழ்நிலத்தில் வெளிக்காற்று தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி 34 அடி. குழாய் உராய்வு, மூட்டுக்களில் காற்றுக் கசிவு, புட்வால்வின் (குழாயின் அடியில் பூட்டும் வால்வின்) தடை எல்லாம் போக, நடைமுறையில் 20 முதல் 25 அடி. எத்தனை குதிரைவலு மோட்டர் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. இங்கே தொடங்குமிடம் கிணற்றுக்கட்டு அல்ல, பம்பின் நடுப்பகுதி. அங்கிருந்து நீர்மட்டம் வரை செங்குத்தாக அளக்கவேண்டும். குழாயின் நீளத்தைக் கணக்கெடுக்கக் கூடாது.

தீர்வு இரண்டு. மின் மோட்டரைக் கிணற்றுக்குள்ளே தட்டு அமைத்துக் கீழே இறக்கலாம். மழைக்கு முதல் மேலே எடுக்க மறக்கக்கூடாது. அல்லது நீருக்குள் அமிழும் பம்ப் போடலாம், அது தள்ளுவது, உறிஞ்சுவதல்ல. மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தை மட்டும் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. இறங்கியவரும் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே போவார்கள். விளக்கு இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையும் இந்த வாயுவைக் காட்டாது.

குழாய்க் கிணறு 150 அடி அடிச்சவங்கள். அப்ப தண்ணி 150 அடியிலயோ?

குழாய்க் கிணற்றுக்கு நான்கு ஆழங்கள் உண்டு, நான்கையும் எழுதி வாங்குங்கள்: துளைத்த மொத்த ஆழம், உறைக்குழாய் இறக்கிய ஆழம், இறைக்காதபோது நீர் நிற்கும் மட்டம், இறைக்கும்போது நீர் இறங்கி நிற்கும் மட்டம். 150 அடிக் கிணற்றில் 70 அடியில் பாறை வெடிப்பில் தண்ணீர் கிடைத்து, அது 25 அடிவரை ஏறி நிற்கலாம். இறைத்தால் 60 அடிக்கு இறங்கலாம். பம்பைத் தொங்கவிடும் ஆழத்தைத் தீர்மானிப்பது நான்காவது எண். அதைச் சோதிக்காமல் வைத்தால் பம்ப் காற்றை உறிஞ்சி எரிந்துபோகும்.

ஆழமா அடிச்சா நல்ல தண்ணி வரும் எண்டு சொல்லுறாங்களே?

எங்கே அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வவுனியாப் பக்கமும் வன்னியின் தெற்கும் பழைய கடும்பாறை நிலம். அங்கே தண்ணீர் மேலே உக்கிய மண்படையிலும் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டும் இருக்கும். வெடிப்பில் படாவிட்டால் 200 அடி அடித்தாலும் வறண்ட துளைதான். மன்னார் முருங்கன் பக்கமும் வடக்குக் கரையோரமும் சுண்ணக்கல் படிவம், அது வேறு கதை. கடலுக்கும் களப்புக்கும் கிட்ட ஆழமாகப் போனால் நன்னீர்ப் படையைத் தாண்டி உவர்நீரைத் தொட்டுவிடுவீர்கள். அங்கே ஆழங்குறைந்த கிணறே பாதுகாப்பு.

கடும்பாறையில் நெடுநாள் தங்கிய ஆழ்நீரில் புளோரைட்டும் வன்மையும் கூடுதலாக இருக்கக்கூடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மேல்வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டு, இலங்கைத் தரநிர்ணயம் 1.0. கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, நீர் ஆவியாகப் போய்ச் சற்றுக் கூடவே செய்யும். பரிசோதித்துவிட்டுக் குடியுங்கள்.

மலசலகூடக் குழியை நல்லா ஆழமா வெட்டினா கனகாலம் நிரம்பாது தானே?

நிரம்பாது. உங்கள் கிணறும் கெட்டுவிடும். குழியின் அடி நிலத்தடி நீரைத் தொட்டால், அழுக்கு மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே நீரில் கலக்கும். மனிதாபிமான உதவி வேலைகளில் பின்பற்றப்படும் நெறி: குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே, நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றர் தள்ளி. இங்கே நீர்மட்டம் என்பது மார்கழி மட்டம். கோடையில் வெட்டுகிறபோது காய்ந்து கிடப்பதை நம்பி இறங்குவதுதான் வழமையான பிழை.

கால் ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 32 மீற்றர். 30 மீற்றர் இடைவெளிக்கு மூலைக்கு மூலை வைத்தாலே உண்டு, பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்பதையும் பார்க்கவேண்டும். இடமில்லாவிட்டால் ஆழத்தை விட்டு அகலத்துக்குப் போங்கள்: கசியாத தொட்டி, அதிலிருந்து ஆழங்குறைந்த நீள ஊறல் வாய்க்கால்.

இரணைமடுவில 36 அடித் தண்ணி எண்டு செய்தியில சொல்லுறாங்கள். நடுக்குளத்தில இறங்கினா 36 அடியோ?

இல்லை. குளத்தின் அளவுகோலில் பூச்சியம் எழுதியிருக்கும் இடம் குளத்தின் ஆகக்கீழ் அடியல்ல, துருசின் அடிமட்டம். 36 அடி என்றால் துருசு வாசலுக்கு மேலே 36 அடித் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். பழைய ஆற்றுப்படுக்கையும் கட்டுக்கு மண் எடுத்த குழிகளும் அதற்கும் கீழே இருக்கும். குளத்தின் மேற்பகுதியில் அதே நாளில் முழங்காலளவுதான் நிற்கும். இரணைமடுவின் முழுக்கொள்ளளவு மட்டம் முன்பு 34 அடி, புனரமைப்பின் பின் 36. அந்த இரண்டடியும் வானை (மிஞ்சிய நீர் வழியும் கட்டை) உயர்த்திக் கிடைத்தது, குளத்தைத் தோண்டிக் கிடைத்ததல்ல.

இதனால்தான் அளவுகோல் பூச்சியத்தைக் காட்டும்போதும் குளத்தில் மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். துருசால் வெளியேறாத அந்த மிச்சம் கணக்கில் வராது.

36 அடிக் குளத்தில 18 அடி நிக்குது. அரைவாசித் தண்ணி இருக்குது தானே, ஏன் சிறுபோகத்துக்குக் காணி குறைக்கிறாங்கள்?

பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் அதிக சத்தம் வருவது இந்த இடத்தில்தான். ஆழம் அரைவாசி என்றால் தண்ணீர் அரைவாசி அல்ல. கிணறு நேர்ச்சுவர் உள்ளது, அங்கே அரை ஆழம் அரை நீர். குளம் சரிவான தாம்பாளம் மாதிரி, கீழே போகப்போகப் பரப்புச் சுருங்கும். ஆழம் பாதியாகும்போது நீளமும் அகலமும் கூடச் சுருங்குகின்றன. சரிவைப் பொறுத்து, பாதி ஆழத்தில் இருப்பது மொத்தத்தில் கால்வாசி. இன்னும் மோசமாக எட்டிலொன்றுக்குக் கிட்டவும் வரலாம்.

மேலே உள்ள ஓரடி கீழே உள்ள ஓரடியைவிடப் பல மடங்கு நீர். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை ஏக்கர் அடி என்று ஒரு அட்டவணை ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருக்கும். கூட்டத்துக்குப் போகும் கமக்கார அமைப்புக்காரர் அளவுகோல் அடியைக் கேட்பதோடு நிற்காமல் அந்த அட்டவணையைக் கேட்கவேண்டும். (ஓர் ஏக்கர் அடி: ஓர் ஏக்கரில் ஓரடி நிற்கும் நீர், 43,560 கன அடி.) வெயில் குடிப்பதையும் சேருங்கள். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலே மாதத்துக்கு ஆறு அங்குலம் போய்விடும்.

குளத்தைப் பெக்கோ போட்டு ஆழமாக்கினா வயலுக்குத் தண்ணி கூடும் தானே?

முன்னைய இரண்டு பதில்களையும் சேர்த்துப் பாருங்கள். துருசு மட்டத்துக்குக் கீழே தோண்டிய ஒவ்வொரு கன அடியும் துருசால் வராது, இறைத்தால்தான் வரும். அது மாட்டுக்கும் மீனுக்கும் சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றுக்கும் உதவும், அது சின்ன உதவியுமல்ல. வயலுக்கு வேண்டுமென்றால் துருசு மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை எடுக்கவேண்டும். அது பெரும்பாலும் குளத்தின் வாய்ப்பக்கம், நீர் வந்து விழும் இடத்தில் கிடக்கும்.

பிழைக்கும் இடங்கள்: கட்டின் உட்பக்க அடியிலேயே தோண்டினால் கட்டு சரியும். அடியில் உள்ள களிப்படையை வெட்டித் திறந்தால் கீழே மணல் வழியாக நீர் ஒழுகும். "ஆழமாக்கின குளம் முன்னையைவிடக் கெதியாய் வற்றுது" என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான். செங்குத்தாக விட்ட குழிகள் மழைக்குப் பின் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகள் குளிக்கப்போய் மாட்டுவார்கள். விளிம்பைச் சரிவாக விடச்சொல்லி எழுத்திலேயே கேளுங்கள்.

பெரிய குளமெண்டா கட்டுக்குப் பாரம் கூட, சின்னக் குளமெண்டா குறைவு. சரியோ?

கட்டின் ஒரு சதுர அடியில் நீர் தள்ளும் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. பின்னால் ஒரு மைல் நீர் கிடந்தாலும் பத்தடி கிடந்தாலும் ஒன்றுதான். 36 அடியில் அது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 11 தொன். அதனால்தான் கட்டு அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருக்கிறது. குளம் நிரம்பியிருக்கும்போது துருசுக் கதவு இறுகி நிற்பதும் இதனால்தான். பெரிய குளத்தில் கூடுவது அலையின் அடி, அதற்குத்தான் உட்பக்கம் கல் அடுக்குவது.

மழையை மில்லிமீற்றரில சொல்லுறாங்கள். அது நீளமல்லோ, தண்ணியை எப்பிடி நீளத்தில அளக்கிறது?

அதுவும் ஆழம்தான். பெய்த மழை ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் சமதரையில் அப்படியே நின்றால் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பது. 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4 இலட்சத்து 5 ஆயிரம் லீற்றர்.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குலம் நீர் கட்ட 2 இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். மணிக்கு 20,000 லீற்றர் தரும் பம்புக்கு அது பத்து மணித்தியால வேலை, ஊறிப்போவது தனி. வயல் மட்டமில்லாமல் ஒரு பக்கம் நாலு அங்குலம் பள்ளமென்றால் மேட்டில் இரண்டு அங்குலம் நிற்க பள்ளத்தில் ஆறு அங்குலம் கட்டவேண்டும். வயலை மட்டப்படுத்துவதற்குச் செலவழிக்கும் காசு எரிபொருளில் திரும்பி வரும்.

"அகல உழுவதிலும் ஆழ உழு" எண்டது எல்லாக் காணிக்கும் பொருந்துமோ?

பொருந்தாது. மேட்டுநிலத்தில் பொருந்தும். வருடாவருடம் ரொட்டவேற்றரால் நாலைந்து அங்குலம் மட்டும் கிளறினால் அதற்குக் கீழே ஒரு கடும்படை இறுகிவிடும். வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை தட்டுக்கலப்பையால் எட்டுப் பத்து அங்குலம் உழுவது அந்தப் படையை உடைக்கும். மண் காய்ந்து பொருபொருக்கும் ஈரத்தில் செய்யவேண்டும். கையில் உருட்டினால் திரியாக வரும் ஈரத்தில் உழுதால் படை இன்னும் இறுகும்.

நெல்வயலில் அதே கடும்படைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதை உடைத்தால் எத்தனை தடவை நீர் பாய்ச்சினாலும் வயல் குடித்துக்கொண்டே இருக்கும்.

கச்சானை எவ்வளவு ஆழத்தில ஊன்றுறது? மற்ற விதையளுக்கும் அதே கணக்கோ?

ஒரே கணக்கல்ல, விதைக்கு விதை மாறும். கச்சான் 4 முதல் 5 சென்ரிமீற்றர். பயறு, உழுந்து, கௌப்பி 3 அளவில். புழுதி விதைப்பு நெல் 2 முதல் 3. மிளகாய் நாற்றுமேடையில் ஒரு சென்ரிமீற்றர்கூட வேண்டாம், மெல்லத் தூவி மூடினால் போதும். மணற்பாங்கான நிலத்தில் மேல்மண் கெதியில் காய்வதால் சற்று ஆழம் தாங்கும். செம்மண்ணில் மழைக்குப் பின் மேலே ஓடு கட்டும், அங்கே ஆழமாகப் போட்ட விதை முளைத்தும் வெளிவராமல் மடங்கிக் கிடக்கும்.

தொடங்குமிடம் இங்கேயும் சிக்கல் தரும். உழுது பொங்கிக் கிடக்கும் மண்ணில் ஐந்து சென்ரிமீற்றர் போட்டால், மழைக்குப் படிந்தபின் அது மூன்றரையாகவும் ஆகலாம்.

கடலில பாகம் எண்டு சொல்லுறது எவ்வளவு? மெசினில மீற்றர் காட்டுது, ஒத்துவருகுதில்லை.

இரண்டு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம். ஆறு அடி, அல்லது 1.83 மீற்றர். கயிற்றைக் கைவிரித்து அளந்து இறக்கியதிலிருந்து வந்த அளவு. பாக்கு விரிகுடாப் பக்கம் பெரும்பகுதி 15 மீற்றருக்குக் குறைவு, எட்டுப் பாகத்துக்குள். முல்லைத்தீவுப் பக்கம் வெளிக்கடல், போகப்போக ஆழம் ஏறும்.

ஒலி அனுப்பி ஆழம் காட்டும் மெசின் தன் உணரி பொருத்திய இடத்திலிருந்து அளக்கும். உணரி நீருக்குக் கீழே 40 சென்ரிமீற்றரில் இருந்தால் அதைக் கூட்டவேண்டும். பெரும்பாலான மெசினில் அமைப்பிலேயே பதிந்துவிடலாம். கடல் வரைபடத்தில் அச்சிட்ட ஆழமோ மிகத்தாழ்ந்த வற்று மட்டத்திலிருந்து கணக்கிட்டது. ஆகவே பெரும்பாலான நேரம் நீங்கள் காணும் ஆழம் அதைவிடச் சற்றுக் கூட இருக்கும். நங்கூரக் கயிற்றுக்கு இந்த ஆழத்தை அப்படியே எடுக்காதீர்கள். அமைதியான நேரத்திலும் மூன்று மடங்கு, காற்றில் ஐந்து மடங்குக்கு மேல் விடவேண்டும்.

வலை நூறு கண் ஆழம். அப்ப எத்தினை அடிக்கு இறங்கும்?

இழுத்துப் பிடித்த கண் 3½ அங்குலமென்றால் நூறு கண் 350 அங்குலம், 29 அடி. ஆனால் கடலில் கண் அப்படி இழுபட்டு நிற்காது, சாய்சதுரமாகத் திறந்து நிற்கும். 100 மீற்றர் வலையை 50 மீற்றர் கயிற்றில் கட்டியிருந்தால் ஆழம் 0.87 ஆல் பெருக்கப்படும்: 25 அடி. நீரோட்டம் வலையைச் சாய்த்தால் இன்னும் குறையும்.

கரையில நிண்டு பார்க்க இடுப்பளவு, இறங்கினா நெஞ்சளவு. கண் பிழையோ?

ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், நேர்மேலே நின்று பார்த்தாலே நாலடி மூன்றடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். தெளிந்த நீர் இந்த வகையில் கலங்கிய நீரைவிட ஆபத்தானது. கலங்கலில் ஆழம் தெரியாது என்றாவது தெரியும்.

றோட்டைக் குறுக்கறுத்துப் பாயும் வெள்ளத்தில் கணக்கு வேறு. வேகமாக ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஆளை விழுத்தும், 30 சென்ரிமீற்றர் பல கார்களை மிதக்கவைக்கும், 60 பெரும்பாலான வாகனங்களை இழுத்துப்போகும். அடியில் றோட்டு அரித்துப் போயிருக்கிறதா என்பது மேலே நின்று தெரியாது. முன்னே ஒரு பஸ் போய்விட்டது என்பது அளவுகோல் அல்ல.

கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாக்கின காணி எண்டு தந்தவை. கிணறு, அத்திவாரம் எண்டு ஆழமாக் கிண்டலாமோ?

துப்புரவாக்கல் ஒரு பரப்புக்கும் ஒரு ஆழத்துக்கும் செய்யப்படுகிறது. எந்த எல்லை, எந்த ஆழம் என்பது ஒப்படைப்பு ஆவணத்தில் இருக்கும். பிரதேச செயலகம் அல்லது கிராம அலுவலர் மூலம் அதைக் கேட்டுப் பாருங்கள். மிதிவெடிகள் காலுக்கு எட்டுமளவில் மேற்பரப்புக்குக் கிட்டப் புதைக்கப்பட்டவை, தேடலின் ஆழமும் அதற்கேற்றது. விழுந்து வெடிக்காத எறிகணையும் குண்டும் அதைவிட ஆழத்துக்குப் போயிருக்கக்கூடும்.

ஆகவே முதல் சில அடிகளைப் பெக்கோவால் ஒரே வாரில் அள்ளாமல் படைபடையாக எடுங்கள். துருப்பிடித்த உருளை, இறகுபோன்ற தகடு, பிளாஸ்ரிக் மூடி போன்ற வட்டம் எதைக் கண்டாலும் வேலையை நிறுத்தி, வந்த தடத்தாலேயே வெளியே வந்து, இடத்தை அடையாளமிட்டு, பொலிசுக்கு (119) அறிவியுங்கள். கிளறவோ, தள்ளிவைக்கவோ, மேலே குப்பை போட்டு எரிக்கவோ வேண்டாம்.

அலுமாரி விளம்பரத்தில உயரம், அகலம், ஆழம் எண்டு இருக்கு. அலுமாரிக்கு என்ன ஆழம்?

முன்கதவிலிருந்து பின்பலகை வரை. தொடங்குமிடம் மேற்பரப்பல்ல, முகப்பு. வெளியளவா உள்ளளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதவும் பலகையும் சேர்ந்து இரண்டு அங்குலத்தைத் தின்னும். சேட்டை ஹாங்கரில் தொங்கவிட 24 அங்குல வெளியாழம் வசதி, 18 அங்குலமென்றால் கதவு தோள்பட்டையில் இடிக்கும்.

போட்டோவில ஆழம் குறைவு எண்டு சொல்லுறது?

கமராவுக்கு முன்னே எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பது. வில்லைத் துவாரத்தைப் பெரிதாகத் திறந்தால் (எஃப் 2.8 போல) முகம் மட்டும் தெளிவு, பின்னால் நிற்கும் பனை மங்கல். துவாரத்தைச் சிறிதாக்கினால் (எஃப் 11) இரண்டும் தெளிவு, வெளிச்சம் கூட வேண்டும். கிட்டப்போனாலும் ஆழம் குறையும். போனில் வரும் மங்கல் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பூசியது, தலைமயிர் ஓரத்தைப் பார்த்தால் பிடிபடும்.

"ஆழ்ந்த சிவப்பு", "ஆழமான குரல்" எண்டெல்லாம் எழுதலாமோ?

ஆங்கில 'டீப்' வரும் இடமெல்லாம் ஆழம் என்று எழுதுகிறார்கள். ஆனால் தமிழுக்கு அங்கே வேறு சொற்கள் இருக்கின்றன. நிறம் கடும் சிவப்பு, அடர்நீலம், கரும்பச்சை. குரல் கட்டைக்குரல் அல்லது கனத்த குரல். காடு அடர்ந்த காடு. வடை எண்ணெய்யில் பொரிப்பது, அதற்கு ஆழம் தேவையே இல்லை. கடன் அதிகமானால் மூழ்குகிறோம், அங்கே நீர் வந்துவிடுகிறது.

உள்ளே இறங்குதல் என்ற கருத்து உள்ள இடத்தில் ஆழம் இயல்பாகப் பொருந்தும்: ஆழ்ந்த நித்திரை, ஆழ்ந்த யோசனை, ஆழ்ந்த அனுதாபம், ஆழமான கேள்வி. ஒருவரிடம் கதை கொடுத்து அவர் மனதில் உள்ளதை அறிவதை ஆழம் பார்த்தல் என்கிறோம். கயிறும் கல்லும் இறக்கிப் பார்ப்பது போலத்தான்.

கணக்கில கடல்மட்டத்துக்குக் கீழ 10 மீற்றர் எண்டா மைனஸ் 10 போடுறம். அப்ப ஆழம் மைனஸ் 10 எண்டு எழுதினா ஏன் புள்ளி வெட்டுறாங்கள்?

கீழே என்பது 'ஆழம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. உயரம் −10 மீற்றர் என்றோ, ஆழம் 10 மீற்றர் என்றோ எழுதலாம். ஆழம் −10 என்று எழுதினால் இரண்டு தடவை திருப்பியதாகிவிடும். அந்தக் கணக்கில் உங்கள் சுழியோடி நீருக்கு மேலே பத்து மீற்றரில் அந்தரத்தில் நிற்பார்.